மூன்று இழுப்பு

சுவரில் மாட்டியிருந்த தூண்டில் ராடின் நுனி மெல்லக் குனிந்து நிமிர்ந்தது.

ரெக்சன் அப்போதுதான் கப்பல் ஏஜென்சி அலுவலகத்திலிருந்து வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்திருந்தான். மழைக்கு முந்திய புழுக்கம். துறைமுகத்துப் பக்கமிருந்து நிலக்கரித் தூளும் உப்பும் கலந்து வீசும் காற்றுக்குப் பயந்து மில்லர்புரத்தில் அந்த நேரம் எல்லா வீட்டு ஜன்னல்களும் சாத்தித்தான் கிடக்கும். அவன் வீட்டிலும் சாத்தியிருந்தது. மின்விசிறியை இன்னும் போடவில்லை. காலண்டர் தாள்கூட அசையாத அந்த அறையில், இரண்டு ஆணிகளில் படுக்கை வாட்டமாகக் கிடந்த ராடின் மெல்லிய நுனி மட்டும், அடியில் ஏதோ ஒன்று இரையை முகர்ந்துவிட்டு விலகியதுபோல, ஒரு விரற்கடை தாழ்ந்து பழைய இடத்துக்கு வந்தது.

தெருவில் தண்ணீர் லாரி போயிருக்கும், சுவர் அதிர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான். லாரி போன சத்தமே கேட்கவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

எழுந்து போய்ப் பார்த்தான். நுனி வளையத்திலிருந்து நைலான் லைன் ஒரு சாண் நீளம் தொங்கியது. போன சனிக்கிழமை கடலில் வைத்து அவனே கத்தியால் அறுத்த லைன். அதன் முனையில் ஒரு துளி நீர் திரண்டு நின்றது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கனத்து, நீண்டு, தரையில் சொட்டியது. குனிந்து விரலால் தொட்டான். தண்ணீர் இல்லை. மீனின் மேல்தோலில் இருக்கும் அந்த வழுவழுப்பு.

விரலைப் பேண்டில் துடைத்தான். இன்னொரு முறையும் துடைத்தான். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. யாரோ ஒருவர் வீடியோவைப் பார்த்துவிட்டுக் கைகூப்பும் பொம்மை அனுப்பியிருந்தார். 'உங்களைப் போன்ற மனிதர்கள் வேண்டும்' என்று கீழே எழுதியிருந்தது.

ரெக்சனுக்குக் காது மடல்கள் சுட்டன.

*

தூத்துக்குடியில் பொழுதுபோக்குக்கு மீன் பிடிக்கிறவர்கள் நடுவே ரெக்சனுக்கு ஒரு பெயர் உண்டு. பிடித்த மீனைத் திரும்ப விடுகிறவன். விடுவதை எல்லோரும்தான் செய்கிறார்கள்; எப்படி விடுவது என்று சொல்லிக்கொடுத்தவன் அவன். ஈரக் கையால் தொடு, உலர்ந்த கை பட்டால் மீனின் மேல்பூச்சு உரிந்து அந்த இடம் புண்ணாகும். முடிச்சில்லாத ரப்பர் கைவலையில் ஏந்து. கம்பின் முனையில் கட்டிய இரும்புக் கொக்கியால் குத்தித் தூக்காதே. நீ எவ்வளவு நேரம் மூச்சைப் பிடித்திருக்க முடியுமோ, அவ்வளவு நேரம்தான் மீனைத் தண்ணீருக்கு வெளியே வைத்திருக்கலாம். இதையெல்லாம் தன் சேனலில் நிதானமான குரலில் சொல்லுவான். கடைசியாகச் சொன்னதைச் சொல்லும்போது தானே மூச்சைப் பிடித்துக் காட்டுவான்.

எல்லாவற்றுக்கும் மேலே அவனுடைய கல்.

கடலடிப் பார்களில், அதாவது ஒரு காலத்தில் முத்துச் சிப்பி படுத்திருந்த அந்தப் பாறைத் திட்டுகளில், கலவா மீன் கிடக்கும். அதை ஆழத்திலிருந்து வேகமாக மேலே கொண்டுவந்தால் உள்ளே இருக்கும் காற்றுப்பை ஊதிப்போகும். கண்கள் பிதுங்கும். இரைப்பை சிவந்த பலூன்போல வாய்வழியே வெளியே தள்ளும். அப்படியே கடலில் போட்டால் கீழே போக முடியாமல் மல்லாந்து மிதந்து சாகும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. கனமான ஒன்றைத் தூண்டில் லைனில் கோத்து, அதன் அருகே எதிர்முள் இல்லாத மழுங்கிய கொக்கியைக் கட்டி, கொக்கியை மீனின் கீழ் உதட்டுச் சவ்வில் மாட்டித் தலைகீழாக இறக்க வேண்டும். இறங்க இறங்கக் கடலின் அழுத்தத்தில் காற்றுப்பை சுருங்கி மீன் தெளியும். அடிக்குப் போனதும் மேலிருந்து ஒரு சுண்டு சுண்டினால் கொக்கி வழுக்கி வெளியே வந்துவிடும். மீன் தன் வழியே போய்விடும்.

மற்றவர்கள் இதற்கு ஈயக்கட்டி வைத்திருந்தார்கள். ரெக்சன் முத்துக்குளிப்பவர்கள் ஏறி நின்று இறங்கிய கல்லை வைத்திருந்தான். முட்டை வடிவம், நடுவில் துளை. படகுக்காரன் கிங்ஸ்டன் வீட்டில் கதவுக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்தது. வீடியோவில் அது நன்றாக எடுபட்டது.

அந்தச் சனிக்கிழமை கிங்ஸ்டனின் பைபர் படகில் மூன்று பேர் போனார்கள். ரெக்சன், கிங்ஸ்டன், ரெக்சனின் மனைவி கிருபையின் தம்பி ஷாம். வீடியோ எடுப்பது ஷாமின் வேலை. கல்லை எடுத்து வைத்ததும் கிங்ஸ்டன் சிரித்தான்.

"முத்துக் குளிக்க இறங்குதவனுக்கு மேல கயிறு பிடிக்கது மச்சினனாத்தான் இருக்கணும்னு எங்காளுவ சொல்லுவாவ. அக்கா தாலிய நினைச்சாவது கயித்த விடமாட்டாம்லா. இங்கன என்னன்னா, மச்சினன் போனப் பிடிச்சிட்டு நிக்கான்."

"நான் பிடிச்சா அத்தான் இறங்குவாவளாக்கும்?" என்றான் ஷாம். "அவிய வாய்க்கால் தண்ணியிலயே மூக்கப் பிடிச்சிக்கிடுவாவ. அவிய ஊரு நாசரேத்துல யாருக்குத் தெரியும் நீச்சல்?"

"ஏலே, கேமராவப் பாரு" என்றான் ரெக்சன், சிரித்துக்கொண்டே.

"மூணு இழுப்பு இழுத்தா மேல தூக்கணும், அம்புட்டுத்தான் கணக்கு" என்றான் கிங்ஸ்டன். "கீழ கிடக்கவன் வேற என்னத்தச் சொல்ல முடியும்?"

இருபது பாகம், அதாவது நூற்றிருபது அடி ஆழத்திலிருந்து அந்தக் கலவா வந்தது. ஆறு வயதுப் பிள்ளை அளவு. அப்படி ஒன்றை அவர்கள் யாரும் அதுவரை பிடித்ததில்லை. ரப்பர் கைவலைக்குள் அதன் தலை மட்டும்தான் போனது. தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றி, அங்கேயே கல்லை மாட்டியிருக்கலாம். அதைத்தான் அவன் எல்லோருக்கும் சொல்லியிருந்தான். ஆனால் தண்ணீரில் கிடக்கும் மீன் வீடியோவில் தண்ணீராகத்தான் தெரியும். "போயிரும் அத்தான், போயிரும்" என்று ஷாம் கத்தினான். ரெக்சன் கைவலையைப் போட்டுவிட்டுக் கிங்ஸ்டனின் கம்புக் கொக்கியை எடுத்தான். தாடைக்குக் கீழே, மெத்தென்ற இடத்தில் குத்தித் தூக்கினான்.

பிறகு படம். வெயிலுக்கு முதுகைக் காட்டி ஒன்று, வெயிலைப் பார்த்து ஒன்று, தொப்பி இல்லாமல் ஒன்று. மீனின் செவுள் திறந்தது. மூடியது. வெகுநேரம் கழித்து மறுபடி திறந்தது. அத்தனை நேரத்தில் எத்தனை முறை தான் மூச்சு விட்டோம் என்று அவன் எண்ணவில்லை.

விடும்போதுதான் தாடைக்குக் கீழே இருந்த ஓட்டை கேமராவுக்குத் தெரியும் என்று பட்டது. கல்லோடு கட்டிய கொக்கியை உதட்டுச் சவ்வில் மாட்டாமல் அந்தக் குத்துக் காயத்துக்குள்ளேயே விட்டு, எலும்பைச் சுற்றி மாட்டினான். கல்லும் லைனும் காயத்தை மறைத்துவிட்டன. மீன் இறங்கியது. கரும்பச்சைத் தண்ணீரில் அதன் வெளிறிய வாய் கடைசிவரை தெரிந்துகொண்டே போனது.

அடியில் கல் தட்டியதும் சுண்டினான். கொக்கி வரவில்லை. மறுபடி சுண்டினான். எலும்பில் மாட்டிய கொக்கி எப்படி வரும்?

அப்போது கீழேயிருந்து வந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. துள்ளலில்லை, உதறலில்லை. தெளிவாக, இடைவெளி விட்டு, ஆள் இழுப்பதுபோல.

ரெக்சன் கேமராவைப் பார்த்தான். மேலே தூக்கினால் மீன் ரத்தத்தோடு வரும், காயத்தோடு வரும், ஷாமின் கையிலிருக்கும் அந்தச் சின்னக் கண்ணுக்கு முன்னால் வரும். இடது கையில் கத்தி இருந்தது. இடுப்புக்குக் கீழே, படத்தில் விழாத இடத்தில் வைத்து லைனை அறுத்தான்.

"போயிட்டான்!" என்றான், முகம் முழுக்கச் சிரிப்போடு. "நீந்திப் போயிட்டான்!"

"கல்ல எங்க சார்?" என்று கரைக்கு வந்ததும் கேட்டான் கிங்ஸ்டன்.

"அறுந்துட்டுப்பா. பாறையில மாட்டிக்கிட்டு."

*

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சபைக் குருவான ஐயர் அதைப் பற்றிப் பேசினார். படைப்பைப் பாதுகாப்பதற்கு உதாரணம் தேடி எங்கேயும் போக வேண்டாம், நம் சபையிலேயே ஒருவர் இருக்கிறார் என்றார். வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பின. ரெக்சன் பாட்டுப் புத்தகத்தை விரித்து, எந்தப் பாட்டு என்று தெரியாமலே பார்த்துக்கொண்டிருந்தான். கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருக்கும் மகள் ரேச்சல் அந்த வீடியோவை ஸ்டேட்டஸில் வைத்து, 'என் அப்பா' என்று மட்டும் எழுதியிருந்தாள். வருகிற சனிக்கிழமை சபை மண்டபத்தில், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தூண்டில் போடுகிறவர்களுக்கும் அவன் நேரில் விளக்கிக் காட்டப்போவதாக ஷாம் எல்லாக் குழுக்களிலும் போட்டுவிட்டான்.

அன்று சாப்பிடும்போது கிருபை கேட்டாள். ஏதோ தோன்றிக் கேட்டாளா, சும்மா கேட்டாளா என்று தெரியவில்லை. போனில் மகளின் ஸ்டேட்டஸைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, அது உயிரோடதான போச்சு?"

சொல்லியிருக்கலாம். இந்த ஒரு ஆளிடமாவது.

"ஆமா" என்றான் ரெக்சன்.

*

ராடு அசைந்ததற்கு மறுநாள் காலையில் கிருபை காபியைத் துப்பினாள்.

"என்னங்க தண்ணி இது? உப்புல்லா கரிக்கி."

வீட்டுப் பின்புறம், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தரைக்கடியில் தண்ணீர்த் தொட்டி இருந்தது. அந்தத் தெருவில் எல்லோரும் சம்பு என்றுதான் சொல்வார்கள். சதுர வாய், மேலே இரும்பு மூடி. லாரித் தண்ணீர் வாரத்துக்கு ஒருமுறை அதில் நிறையும். கிருபை லாரிக்காரனுக்குப் போன் போட்டு, வாசலில் நடந்துகொண்டே திட்டினாள்.

"அண்ணாச்சி, வல்லநாட்டு ஆத்துத் தண்ணின்னு சொல்லிட்டுக் கடல்ல மொண்டு ஊத்துதியளா? ... பக்கத்து வீட்டுல சொல்லலன்னா? அப்ப எங்க வீட்டுத் தொட்டிதான் பொய் சொல்லுதாக்கும்?"

ரெக்சன் அடுப்படியில் நின்று குழாயைத் திறந்து, உள்ளங்கையில் பிடித்து, நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தான். கிணற்று உப்பு இல்லை அது. சப்பையாகத் தொடங்கிக் கசப்பில் முடிகிற, சிறுவயதில் திருச்செந்தூர்க் கரையில் அலை அடித்து வாயில் போகும்போது தெரிந்த உப்பு. உள்ளங்கையில் மிச்சமிருந்த நீரில் ஒரு சின்னச் செதில் மிதந்தது. பழுப்பு, ஓரம் மங்கிய வெள்ளை. கிருபை உள்ளே வரும் சத்தம் கேட்டதும் கையைக் கவிழ்த்தான்.

அன்று வழக்கம்போல வேலைக்குப் போனான். அலுவலகத்தில் மேனேஜர் தோளில் தட்டி, தன் பிள்ளைகளுக்கு அந்த வீடியோவைக் காட்டியதாகச் சொன்னார். ரெக்சன் சிரித்தான். அந்தச் சிரிப்பு முகத்தில் எப்படி உட்காருகிறது என்று அவனுக்கே தெரிந்தது. கன்னம் இரண்டும் மேலே ஏறி, பல்வரிசை முழுக்கத் தெரிந்து. வீடியோவில் இருந்த அதே சிரிப்பு. இப்போதெல்லாம் அது கூப்பிடாமலே வந்து உட்கார்ந்துகொண்டது.

மாலையில் வீட்டுக்கு வந்தபோது வரவேற்பறை இருட்டத் தொடங்கியிருந்தது. விளக்கைப் போடக் கையை நீட்டியவன் அப்படியே நின்றான்.

டிர்ர்.

ரீலில் லைன் ஓடும்போது கேட்கிற பல்சக்கர ஓசை. சின்னதாக. யாரோ நகத்தால் சீப்பைத் தடவியதுபோல.

டிர்ர்.

அவன் மூச்சுவிடவில்லை. அடுப்படியில் மிக்சி ஓடி நின்றது. தெருவில் ஒரு ஸ்கூட்டர் போனது. சுவர்க் கடிகாரம். தன் காதுக்குள்ளேயே அடிக்கிற ரத்தம்.

டிர்ர்.

விளக்கைப் போட்டான். ஒரு சாண் தொங்கிய லைன் இப்போது தரைவரை வந்திருந்தது. தரையில் ஒரு சுருள் விழுந்து, அங்கிருந்து டைல்ஸ் மேல் நேராக, அடுப்படி வாசலைத் தாண்டி, பின்கட்டுப் பக்கமாக ஓர் ஈரக்கோடு போலப் போய்க்கொண்டிருந்தது. லைன் விறைப்பாக இருந்தது. மறுமுனையில் கனம் இருந்தால் எப்படி விறைக்குமோ அப்படி.

"என்னங்க இருட்டுல நிக்கிய?" கிருபை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் கால் அந்த லைனின் மேல்தான் இருந்தது. அவள் கீழே பார்க்கவில்லை.

"ஒண்ணுமில்ல" என்றான். தொட்டதும் தொய்ந்துபோன லைனை ஒரே சுற்றில் சுருட்டி ராடோடு சேர்த்துக் கட்டி, எடுத்துப்போய்ப் பரணில் போட்டான். கையெல்லாம் வழுவழுத்தது, மீன் வாசம் அடித்தது. சோப்புப் போட்டுக் கழுவினான். குழாயில் வந்த தண்ணீரும் அதே வாசம் அடித்தது.

*

வெள்ளிக்கிழமை மாலை ஷாம் வந்தான். லேப்டாப்பும் கையில் ஒரு பொட்டலம் மக்ரூனும். வந்ததும் சோபாவில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். வானம் கறுத்துக் கிடந்தது. கிருபை ஜெபக் கூட்டத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏளா அக்கா, உன் மாப்பிள்ளை நாளைக்கு மேடையில ஏறுதாவ. கோட்டு கீட்டு வச்சிருக்கியளா?"

"அவிய ரெண்டு நாளா ஒழுங்காச் சாப்பிடவே இல்ல. நீ வேற" என்றாள் கிருபை. "குடையப் பாத்தியா எங்கயாவது?" என்று தேடி எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

ஷாம் லேப்டாப்பைத் திருப்பிவைத்தான். "முழு வீடியோவையும் பாத்தேன் அத்தான். கொக்கி போட்டுத் தூக்கினத வெட்டிட்டேன், அதப் பத்திக் கவலப்படாதிய. ஊர்ல எவன் போடல? ஆனா இதப் பாருங்க."

திரையில் ரெக்சன் சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் வெயில். கையில் ராடு. ஷாம் ஒலியை நிறுத்திவிட்டு மெதுவாக ஓட்டினான். ராடின் நுனி குனிந்தது. நிமிர்ந்தது. குனிந்தது. நிமிர்ந்தது. குனிந்தது.

"மூணு தடவ. தெரியுதா? கமெண்ட்ல ஒருத்தன் கேட்டிருக்கான், அது என்ன இழுப்புன்னு. நாளைக்கு எவனாவது கேட்டா என்ன சொல்லணும்? மீன் கொக்கிய உதறிட்டுப் போற இழுப்புன்னு சொல்லிரலாமா?"

ஷாமின் முகத்தில் கபடம் எதுவும் இல்லை. சொல்லிவிடுவதற்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. அது உதறல் இல்லை மாப்ள. தூக்கச் சொன்னது. உயிரோடு இருந்தது. எலும்பில் மாட்டிவிட்டேன். அறுத்துவிட்டேன். இப்போதும் அது இருபது பாகத்தில், கல்லில் கட்டிப்போட்டபடி... அவ்வளவுதான். நாலைந்து வாக்கியம். நாளைக்கு மண்டபத்தில் பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். ரேச்சல் ஸ்டேட்டஸை எடுத்துவிடுவாள். ஐயர் ஞாயிற்றுக்கிழமை அவனைப் பார்க்காமல் பிரசங்கம் செய்வார்.

பரணிலிருந்து ஓர் ஓசை வந்தது. மரத்தில் மரம் மெல்லத் தட்டுவதுபோல. ஷாமுக்குக் கேட்கவில்லை.

"ஆமா" என்றான் ரெக்சன். "உதறிட்டுப் போற இழுப்புன்னே சொல்லு."

"அப்படிப் போடுங்க." ஷாம் லேப்டாப்பை மூடினான். "மழைக்கு முந்திப் போயிருதேன். நாளைக்கு வெள்ளச் சட்ட போடுங்க அத்தான், படத்துல எடுப்பாத் தெரியும்."

அவன் பைக் தெருமுனை திரும்பிய சத்தம் தேய்ந்ததும் மின்சாரம் போனது.

*

முதலில் மழைதான் என்று நினைத்தான். பின்கட்டுப் பக்கம் தண்ணீர் தளும்பும் ஓசை. போன் வெளிச்சத்தில் ஜன்னலைப் பார்த்தான். கண்ணாடி உலர்ந்திருந்தது. மழை இன்னும் விழவில்லை.

பரணைப் பார்த்தான். ராடு அங்கே இல்லை.

அது சுவரில் இருந்தது. பழைய ஆணிகளில், பழைய வாட்டத்தில். அவன் கட்டியிருந்த கட்டு அவிழ்ந்திருந்தது. நுனி வில்லாக வளைந்து பின்கட்டைக் காட்டிக்கொண்டு நின்றது. லைன் அடுப்படியைத் தாண்டி, சாத்திய பின்கதவின் அடியிடுக்கு வழியாக வெளியே போயிருந்தது. வாசம் இப்போது வீடு முழுக்க இருந்தது. அழுகல் வாசமில்லை. அப்படி இருந்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும், செத்ததென்று தெரிந்திருக்கும். இது படகின் பலகையில் அப்போதுதான் வந்து விழுந்த, இன்னும் வாய் திறந்து மூடுகிற மீனின் வாசம்.

ராடு குனிந்தது.

ஒன்று.

கதவைத் திறந்துகொண்டு தெருவுக்கு ஓடிவிடலாம் என்று தோன்றியது. ஓடி யாரிடம் என்ன சொல்வது?

இரண்டு.

இன்று காலை, நேற்று, முந்தாநாள், எத்தனை முறை இழுத்திருக்கும். அவன் ஆபிசில் சிரித்துக்கொண்டிருந்தபோது. கோயிலில் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது.

மூன்று.

"தூக்குதேன்" என்றான் ரெக்சன், சத்தமாக. "இந்தா, தூக்குதேன்."

பின்கதவைத் திறந்தான். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சம்பின் இரும்பு மூடி ஒரு கை அகலம் விலகியிருந்தது. லைன் அதற்குள் இறங்கியது. மூடியைத் தள்ளினான். சிமெண்டில் இரும்பு உரசிய ஓசை தெருவரை கேட்டிருக்கும். மண்டியிட்டு, போனைப் பக்கத்தில் சாய்த்துவைத்து, இரண்டு கையாலும் லைனைப் பிடித்து இழுத்தான்.

வந்தது. கனமாக வந்தது. அந்தத் தொட்டியின் ஆழம் ஓர் ஆள் உயரம். ஆனால் அவன் இழுத்த லைன் மடியில் குவிந்து, தொடையைத் தாண்டி, பின்னால் தரையெல்லாம் சுருள் சுருளாக விழுந்த பிறகும் வந்துகொண்டே இருந்தது. நைலான் விரலை அறுத்தது. விடவில்லை. தூக்கிவிட்டால் போதும். மேலே கொண்டுவந்து, ஈரக் கையால் ஏந்தி, அந்தக் கொக்கியைக் கழற்றி, எல்லோருக்கும் சொல்லிவிட்டால்...

லைன் நின்றது.

குனிந்து பார்த்தான். கறுப்புத் தண்ணீர். அசைவில்லை. அதற்குள், வெகு ஆழத்தில், ஒரு சின்னச் சதுர வெளிச்சம் தெரிந்தது. சதுரத்தின் ஓரத்தில் ஒரு தலை குனிந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. தன் நிழல்தான் என்று நினைத்தான்.

அந்த முகம் சிரித்தது.

அவன் சிரிக்கவில்லை.

தாடைக்குக் கீழே, மெத்தென்ற இடத்தில், ஏதோ சில்லென்று பட்டது. கையை வைத்துப் பார்த்தான். இரும்பு. மழுங்கிய வளைவு. தோலுக்கு வெளியே பாதி. மீதி உள்ளே, எலும்பைச் சுற்றி. வலி இல்லை. கனம்தான் இருந்தது. மடியில் குவிந்த சுருள்களுக்கு நடுவே, எப்போது வந்தது என்று தெரியாமல், முட்டை வடிவத்தில், நடுவில் துளையோடு, ஈரமாக, அந்தக் கல்.

கல் உருண்டது.

ஓரத்துக்கு வந்தது.

விழுந்தது.

தலைகீழாக. காதில் தண்ணீர். உப்பு. கையை விரித்துத் தொட்டியின் சுவரைத் தேடினான். சுவர் இல்லை. கீழே. இன்னும் கீழே. பச்சை. பிறகு கரும்பச்சை. பிறகு அதுவும் இல்லை. காது குத்தி அடைத்தது. கல் தரையைத் தட்டியது. மணல் எழுந்தது. தாடை நிலத்தோடு கட்டிப்போட்டதுபோல நின்றது.

மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். வீடியோவில் பிடித்துக் காட்டியதுபோல. எவ்வளவு நேரம் பிடிக்க முடியும் என்று அவனுக்குத் தெரியும்.

கண்ணை மேலே உருட்டினான். இருபது பாகத்துக்கு மேலே, நகத்தளவு சதுரம். அதில் ஒரு தலை. அதன் கையிலிருந்து மெல்லிய கோடுபோல லைன் அவனை நோக்கி இறங்கி வந்தது.

அதைப் பிடித்தான்.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

மேலே கதவு திறக்கும் ஓசை. இவ்வளவு தண்ணீருக்குள்ளும் தெளிவாகக் கேட்டது. செருப்புச் சத்தம். மடக்குகிற குடை. கிருபையின் குரல்.

"என்னங்க, கரண்டு இல்லாத நேரத்துல சம்பத் தொறந்து வச்சுக்கிட்டு என்ன பண்ணுதிய? உள்ள என்ன?"

"ஒண்ணுமில்ல. ஒரு மீனு கிடந்துச்சு. விட்டுட்டேன்."

அவனுடைய குரல். நிதானமான குரல்.

இழுத்தான். மறுபடி. மறுபடி. இடைவெளி விட முடியவில்லை இப்போது.

"உயிரோடதான போச்சு?"

மேலே இருந்த முகம் அவனைப் பார்த்தது. கன்னம் இரண்டும் மேலே ஏறி, பல்வரிசை முழுக்கத் தெரிந்து.

"ஆமா" என்றது. "நீந்திப் போயிட்டான்."

விறைத்திருந்த லைன் அவன் கைக்குள் தொய்ந்தது. அறுபட்ட முனை எங்கோ மேலே தொடங்கி, சுருள் சுருளாக, அவசரமே இல்லாமல், அந்தச் சதுர வெளிச்சத்தின் வழியாக அவன் முகத்தின் மேல் இறங்கிக்கொண்டிருந்தது. அது வந்து சேர்வதற்கு முன்னால், சிமெண்டில் இரும்பு உரசும் ஓசையோடு, வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து குறுகத் தொடங்கியது.